ஒரே கோலம், ஐந்து வாசல்

பெரம்பூரில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை. ஆட்டோவின் பின்பக்கம் பிள்ளைகள் பெயர், பைக் டேங்கில் கோடு, கடைக் கண்ணாடியில் எழுத்து என்று நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருப்பார்கள். போன மார்கழிக்கு முன்பு அங்கே ஒரு பென் டிரைவோடு போனேன். அத்தை வீட்டு வாசற்படியில் ஒட்ட ஒரு சிக்குக் கோலம் வேண்டும். முழங்கால் வலியால் அவரால் இனிமேல் குனிந்து கோலம் போட முடியாது. அவருடைய நோட்டிலிருந்த கோலத்தைத்தான் நான் எழுதிய கணினி நிரல் வரைந்திருந்தது. திரையில் பார்த்தால் 4 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டையாக, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும்.

கடைக்காரர் என் எஸ்விஜி படக் கோப்பை கோரல் மென்பொருளில் திறந்தார், வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினார். இரண்டு நிமிடம் கத்தி ஓடியது. எடுத்துப் பார்த்தால் வெள்ளை வினைலில் மயிரிழை போல ஒரு கீறல், அவ்வளவுதான். பிரித்து எடுக்க எதுவுமே இல்லை.

"கோடுதான் வெட்டிருக்கு தம்பி, பட்டை எங்க?" என்றார்.

பட்டை என் கோப்பில் இல்லவே இல்லை. "இந்தப் பாதையில் போ, 4 மி.மீ. தடிமனில் போ" என்று இரண்டு செய்திகள் இருந்தன. திரை இரண்டையும் கேட்டது. கத்திக்கு முதல் செய்தி மட்டும்தான் காதில் விழும். தடிமன் என்பதற்கு அதன் உலகத்தில் அர்த்தமே கிடையாது.

வீட்டுக்கு வந்து, பாதையின் இடப்பக்கம் 2 மி.மீ., வலப்பக்கம் 2 மி.மீ. தள்ளி இரண்டு விளிம்புகளை வரையும் நிரலை எழுதினேன். சொல்வது எளிது. வட்ட வில்லுக்கு இணையாகத் தள்ளினால் இன்னொரு வட்ட வில் கிடைக்கும். ஆனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்து வளைக்கும் பெசியர் வளைவுக்கு இணையாகத் தள்ளினால் பொதுவாக இன்னொரு பெசியர் வளைவு கிடைக்காது, தோராயமாகத்தான் பிடிக்க வேண்டும். நல்லவேளையாக, அத்தையின் சிக்குக் கோலங்களில் பெரும்பாலும் வட்டத் துண்டுகளும் நேர்கோடுகளும்தான்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். இந்த முறை பட்டை வந்தது. ஆனால் கடைக்காரர் வினைலை உரிக்க உரிக்க, அது துண்டு துண்டாக, ஒடித்துப் போட்ட முறுக்கு மாதிரி கையோடு வந்தது. சிக்குக் கோலத்தில் கோடு தன்னைத்தானே நூறு இடத்தில் குறுக்கே கடக்கும். கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பட்டையின் விளிம்பு இன்னொரு பட்டையின் நடுவே போகும். திரையில் உள்ளே நிறம் நிரப்பிவிடுவதால் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. கத்தி மறைந்திருக்கும் கோட்டையும் விடாமல் வெட்டிவிட்டது. எல்லாப் பட்டைகளையும் ஒன்றாக்கி வெளி விளிம்பையும் ஓட்டைகளின் விளிம்பையும் மட்டும் வைத்துக்கொள்ளும் வேலை பாக்கி இருந்தது. மூன்றாவது சனிக்கிழமைதான் கோலம் முழுசாகப் படியேறியது.

இந்த மூன்று சனிக்கிழமைகளும் என் லைப்ரரியை, அதாவது கோலம் வரையும் நிரல்களின் தொகுப்பை, அடியோடு மாற்றின. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். படத்தைப் பிக்சல்களாக இல்லாமல் கோடும் வளைவுமாக வைத்திருக்கும் ஒரு வெக்டர் வரைகலை லைப்ரரி பல கோப்பு வடிவங்களில் வெளியீடு தரும் என்று சொல்வது சுலபம். எஸ்விஜி, பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப் என்று பெயர்களை அடுக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்குப் பின்னாலும் திரையோ, மையோ, கத்தியோ, ஊசியோ இருக்கிறது. அவை எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை.

ஆரம்பத்தில் என்னிடம் லைப்ரரி என்று சொல்ல எதுவும் கிடையாது. அத்தையின் நோட்டில் இருநூறுக்கு மேல் கோலங்கள். எல்லாம் பென்சிலில் போட்டது, ஓரத்தில் "15-8 இடுக்குப்புள்ளி", "7-7 நேர்ப்புள்ளி" என்று குறிப்பு. தாள் பழுத்து உதிர ஆரம்பித்திருந்தது. புள்ளிகளின் அமைப்பையும், கோடு ஒவ்வொரு புள்ளியையும் எப்படிச் சுற்றுகிறது என்பதையும் எழுதிவிட்டால் மற்றதைக் கணினி வரையட்டும் என்று பைத்தானில் தொடங்கினேன். இது புதிய யோசனையும் அல்ல. 1970களிலேயே தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு மொழி போலப் பார்த்து, அவற்றைப் பிறப்பிக்கும் இலக்கண விதிகளை எழுதினார்கள். நம் ஊர் வாசலில் கிடந்ததை எடுத்துக் கணினி அறிவியலுக்குள் வைத்தவர்கள். ரயிலில் தாம்பரம் தாண்டும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

என் நிரல் எஸ்விஜியை நேரடியாக எழுத்துச் சரமாக எழுதியது. எஸ்விஜி எழுதச் சுகமான வடிவம். 2001-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்தது, வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்பு, எந்தப் பிரவுசரிலும் திறக்கும், தப்பு இருந்தால் கண்ணாலேயே படித்துக் கண்டுபிடிக்கலாம். வட்டம், வில், வளைவு எல்லாவற்றுக்கும் அதில் சொல் உண்டு. அப்புறம் குடியிருப்பில் எல்லாருக்கும் கோலப் புத்தகமாக அச்சடித்துத் தரலாம் என்று ஆசை வந்தது. அச்சகத்தில் பிடிஎஃப் கேட்டார்கள். எஸ்விஜி எழுதும் செயற்கூறுகளை அப்படியே நகலெடுத்து, உள்ளே இருக்கும் சரங்களை மட்டும் மாற்றினேன். இனி யாராவது இதே வேலையில் இறங்கினால் அவர்கள் செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான்.

பிடிஎஃப் 1993-இல் அடோபி கொண்டுவந்தது, அதன் வேர் 1984-இன் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் இருக்கிறது. பக்கத்தின் கீழ் இடது மூலைதான் அதற்குத் தொடக்கம், மேலே போகப் போக எண் கூடும். எஸ்விஜிக்கு மேல் இடது மூலை தொடக்கம், கீழே போகப் போகக் கூடும். முதல் பிரதியில் கோலமெல்லாம் தலைகீழாக வந்தது. கோலத்துக்குத் தலையும் கிடையாது காலும் கிடையாது என்பதால் முதலில் எனக்குத் தெரியவே இல்லை. கீழே இருந்த பெயர் மேலே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பக்கத்தை மொத்தமாகப் புரட்டிப் போட்டால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல ஆகிவிடும், அதை மட்டும் திரும்ப ஒரு முறை புரட்ட வேண்டும். அலகிலும் வேறுபாடு. பிடிஎஃபின் அலகான பாயின்ட் ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, பிரவுசரின் பிக்சல் 96-இல் ஒரு பங்கு. கவனிக்காமல் விட்டால் ஒரே எண் ஒரே கோலத்தை இரண்டு அளவில் வரையும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்கூட அங்குலத்துக்கு 90 என்று கணக்கு வைத்திருந்து, 0.92 பதிப்பில்தான் 96-க்கு மாறியது. பழைய கோப்புகள் திடீரென்று சுருங்கியதாக அப்போது பலர் குழம்பினார்கள். அன்றிலிருந்து என் லைப்ரரிக்குள் மில்லிமீட்டரைத் தவிர வேறு அலகு கிடையாது. பிக்சலோ பாயின்டோ கோப்பு எழுதும் கடைசி அடியில்தான் வரும்.

ஒரு பிழையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. புத்தகத்தின் பக்கங்கள் என் மடிக்கணினியில் சரியாகத் திறந்தன, என் போனிலும் திறந்தன. அச்சகத்துக் கணினியில் மட்டும் நான்கு பக்கங்களில் கோலம் பாதியிலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் பொறுமையாக மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பிடிஎஃபைப் பிரித்து உள்ளே படித்தேன். 90 பாகை திருப்பிய இடங்களில் கோசைன் சுழியமாக வந்திருக்க வேண்டும். கணினியின் தோராயக் கணக்கில் அது சுழியமாக வராது, சுழியத்துக்கு மிக மிக நெருக்கமான ஒரு எண்ணாக வரும். பைத்தான் அந்த எண்ணை அறிவியல் குறியீட்டில், அதாவது 6.123 என்று எழுதி, ஒரு 'இ' போட்டு, பக்கத்தில் -17 என்று எழுதியிருந்தது. எஸ்விஜி இந்தக் குறியீட்டை ஏற்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் ஏற்கும். ஆனால் பிடிஎஃபின் விதிப்படி எண்ணில் அடுக்குக் குறியீடு வரவே கூடாது. என் மடிக்கணினியில் இருந்த நிரல் பெருந்தன்மையாக அதைத் தாண்டிப் போயிருக்கிறது, அச்சகத்து நிரல் தாண்டவில்லை. விதிப்படி பார்த்தால் அச்சகத்து நிரல் செய்ததுதான் சரி.

சரங்களை நகலெடுத்து எழுதியதன் விலை அது. எண்ணை எப்படி எழுதுவது என்பதுகூட அந்தந்த வடிவத்துக்கு உரிய அறிவு. அது அந்த வடிவத்துக்கான பகுதியில்தான் இருக்க வேண்டும், கோலம் வரையும் இடத்தில் அல்ல.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத உட்கார்ந்தபோது, மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று படித்தேன். அதிகம் கற்றுத் தந்தது கெய்ரோ. கீத் பேக்கார்டும் கார்ல் வொர்த்தும் தொடங்கி, 2003-இல் அந்தப் பெயரைப் பெற்ற லைப்ரரி. ஒரே வரைதல் கட்டளைகளைக் கொண்டு திரைக்கும் பிடிஎஃபுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்டுக்கும் எஸ்விஜிக்கும் வெளியீடு தரும். அது பக்கத்தை உடனே எழுதிவிடாது. கட்டளைகளை முதலில் ஒரு பதிவாக வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பதிவை ஒரு முறை ஓட்டி, எந்தெந்தக் கட்டளையை இந்த வடிவம் இயல்பாகவே தாங்கும், எது தாங்காது என்று பிரிக்கும். அப்புறம் இன்னொரு முறை ஓட்டி எழுதும். போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒளி ஊடுருவும் நிறம் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று பூசினால் மேலே இருப்பது கீழே இருப்பதை மூடிவிடும், அவ்வளவே. பிடிஎஃபுக்கே 2001-இல் 1.4 பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. அப்படித் தாங்காத இடங்களை மட்டும் கெய்ரோ படமாக, பிக்சலாக மாற்றி ஒட்டும். மற்றவை வெக்டராகவே இருக்கும்.

பதிவு என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். பிக்சலாக மாற்றி ஒட்டுவதை எடுக்கவில்லை. ஆவணத்துக்கு அது நியாயமான வழி, அந்தப் பக்கம் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும். ஆனால் கத்திக்குப் பிக்சலைக் கொடுத்து என்ன பயன்? என் லைப்ரரியில் ஒவ்வொரு வெளியீட்டுப் பகுதியும் முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில் தெரியுமா, தடிமன் தெரியுமா, நிரப்பத் தெரியுமா, எழுத்து தெரியுமா, நிறம் தெரியுமா என்று. தெரியாததை நடுவில் இருக்கும் பகுதி ஒரு படி இறக்கிக் கொடுக்கும். வில் தெரியாதவர்களுக்குப் பெசியர், பெசியரும் தெரியாதவர்களுக்குக் குட்டிக் குட்டி நேர்கோடுகள், தடிமன் தெரியாதவர்களுக்கு ஒன்றாக்கிய விளிம்பு. இறக்கவே முடியாவிட்டால் நின்று சொல்லிவிடும், "இந்தக் கோலத்தில் நிறச்சாயல் இருக்கிறது, கத்தியால் அதை வெட்ட முடியாது" என்று. முதலில் இதை எச்சரிக்கையாக மட்டும் வைத்திருந்தேன். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை, நானே படிக்கவில்லை. இப்போது பயன்படுத்துபவர் "பரவாயில்லை, விட்டுவிடு" என்று எழுதிக் கொடுத்தால்தான் கோப்பே உருவாகும். நண்பர்கள் சிலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. ஆனால் வினைல் சுருளை வீணடித்துவிட்டுக் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

ஒரு படி இறக்குவதை எப்போது செய்வது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வட்டத்தை எடுத்துக்கொள்வோம். எஸ்விஜியில் வட்டம் வட்டமாகவே போகும். பிடிஎஃபில் வட்டத்துக்குக் கட்டளை கிடையாது. நான்கு பெசியர் வளைவுகளாகப் பிரித்து, கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஆரத்தின் 0.5523 பங்கு தூரத்தில் வைப்பது வழக்கம். அது உண்மையான வட்டம் இல்லை, ஆனால் விலகல் ஆரத்தில் 0.03 சதவீதத்துக்கும் குறைவு. 1 மீட்டர் ஆரமுள்ள கோலத்தில்கூட கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அச்சில் யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு ஹெச்பிஜிஎல் என்ற பழைய பிளாட்டர் மொழி. பேனாவைத் தூக்கு, பேனாவை இறக்கி இந்த இடத்துக்குப் போ என்ற இரண்டு கட்டளைகளே அதில் எனக்குப் பெரும்பாலும் போதும். அதன் அலகு 0.025 மி.மீ. எனவே வட்டத்தை நேர்கோடுகளாக ஒடிக்க வேண்டும். 20 மி.மீ. ஆரம், விலகல் 0.05 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றால் 45 துண்டுகள் போதும்.

என் பழைய நிரல் இந்த ஒடிக்கும் வேலையை முதலிலேயே செய்துவிட்டிருந்தது. ஒடித்தால் எல்லா வடிவத்துக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம். பொங்கலுக்கு அதே கோலத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பேனர் அடித்தபோது 0.05 என்பது 0.5 மி.மீ. ஆனது. சுழிகள் எல்லாம் முனை முனையாக, பலகோணமாகத் தெரிந்தன. அத்தை பார்த்துவிட்டு, "கை நடுங்கிப் போட்ட மாதிரி இருக்கேடா" என்றார். 200 மி.மீ. ஆரத்துக்கு அதே 0.05 விலகல் வேண்டுமானால் 141 துண்டுகள் வேண்டும். எத்தனை துண்டு என்பது கடைசி அளவு தெரிந்த பிறகே சொல்லக்கூடிய விடை. அதனால் கோப்பு எழுதும் நொடி வரைக்கும் வட்டம் வட்டமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கோடு கோடாகவும் எழுத்து எழுத்தாகவும் அப்படியே இருக்கட்டும். வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தாரோ அதைக் கடைசி வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்கே இறக்கி வைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. 45 கோடுகளைப் பார்த்து, இது ஒரு காலத்தில் வட்டமாக இருந்தது என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

லேசர் வெட்டுக்கு இது இன்னும் பொருந்தும். அம்பத்தூரில் மரப்பலகையில் கோல அச்சு வெட்டிக் கொடுக்கும் இடத்தில் டிஎக்ஸ்எஃப் கேட்டார்கள். பொறியியல் வரைபட மென்பொருளான ஆட்டோகேடோடு 1980களில் வந்த வடிவம், வில்லை வில்லாகவே சொல்ல அதில் வழி இருக்கிறது. தொடர்கோட்டின் ஒவ்வொரு முனையிலும் ஒரு புடைப்பு எண் வைக்கலாம், அது வில்லின் கோணத்தில் கால் பங்கின் டேன்ஜென்ட். அரைவட்டம் என்றால் 1. நூற்றுக்கணக்கான குட்டிக் கோடுகளாகக் கொடுத்தால் சில இயந்திரங்கள் முனைக்கு முனை வேகம் குறைந்து ஓடும், அந்தந்த இடத்தில் பலகை கருகும். வில்லாகக் கொடுத்ததும் விளிம்பு வழவழவென்று வந்தது.

எழுத்து தனிக் கதை, தமிழில் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் சொந்தமான கதை. நம் அச்சகங்களில் முதல் கேள்வியே "கர்வ் பண்ணிட்டீங்களா?" என்பதுதான். எழுத்தை எழுத்துருவிலிருந்து பிரித்து வெறும் வளைவுகளாக மாற்றிவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கெடாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்றும் புழங்கும் ஊரில் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் கர்வ் செய்த புத்தகத்தில் எதையும் தேட முடியாது, திரைவாசிப்பு மென்பொருளுக்கு அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. பார்வையற்ற ஒரு நண்பர் கோலத்தின் பெயர்களையும் புள்ளிக் கணக்கையும் கேட்டு ரசிப்பவர். அவருக்கு நான் வெற்றுப் பக்கங்களை அனுப்பியிருந்தேன்.

எழுத்தாகவே விட்டாலும் வேலை முடிவதில்லை. பிடிஎஃபுக்குள் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உட்காரும். "கொடி" என்று எழுதினால் முதல் எழுத்துக்கே முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று உருவங்கள். ஒவ்வோர் உருவமும் எந்த எழுத்து என்று அட்டவணை வைத்தாலும், நகலெடுத்தால் "ெகாடி" என்றுதான் வரும். தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த எல்லாரும் இந்தச் சிதறலைப் பார்த்திருப்பீர்கள். உருவங்களின் ஒரு தொகுப்பைச் சுட்டி "இதன் உண்மையான எழுத்து இது" என்று தனியே எழுதிவைக்க பிடிஎஃபில் வழி இருக்கிறது. ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி எழுத்துருவின் உருவங்களாக எழுத்துகளைக் கோக்கும்போது எந்த உருவம் எந்த எழுத்துத் தொகுப்பிலிருந்து வந்தது என்ற கணக்கையும் தரும். அதை எடுத்துச் சொல்லுக்குச் சொல் எழுதினால் போதும். ஆனால் அதற்கும் மூல எழுத்து கடைசி வாசல் வரை வந்திருக்க வேண்டும். என் பழைய நிரல் பெயர்களை முதலிலேயே வளைவாக்கிவிட்டிருந்தது, வட்டத்துக்குச் செய்த அதே தவறு. இப்போது ஒரே பதிவிலிருந்து அச்சகத்துக்கு வளைவும், நண்பருக்கு எழுத்தும் போகின்றன. திருத்திய புத்தகத்தில் அவர் முதலில் தேடிய சொல் "தாமரை". பதினோரு கோலங்கள் கிடைத்தன.

நிறத்தைப் பற்றி ஒன்று மட்டும். திரையின் கறுப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பினால், பல இடங்களில் அது நான்கு மைகளின் கலவையாக மாறும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் நிறம் கசியும். "கறுப்பு மை மட்டும்" என்பது தனி எண்ணம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சுழியம் என்று எழுதிய திரைக் கறுப்பில் அது இல்லை. பதிவில் அதற்குத் தனிப் பெயர் கொடுத்த பிறகுதான் கோடுகள் கூர்மையாக வந்தன.

திரை, அச்சு, ஸ்டிக்கர் கத்தி, லேசர் என்று நான்கு வாசல் ஆயிற்று. இனி ஐந்தாவது வாசல், ஊசி. நான் இந்த லைப்ரரியில் அதிகம் நேசிக்கும் பகுதி இதுதான்.

அத்தையின் மருமகள் ஜாக்கெட் கையில் கோலம் வேண்டும் என்றார். தி. நகரில் அவர் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடைக்குச் சேர்ந்தே போனோம். கடையை நடத்தும் அக்கா, எம்ப்ராய்டரி இயந்திரம் படிக்கும் டிஎஸ்டி கோப்பு இருந்தால் உடனே போட்டுத் தருவதாகச் சொன்னார். டிஎஸ்டியில் கோடும் கிடையாது, வளைவும் கிடையாது, நிரப்புவதும் கிடையாது. ஊசி இறங்கும் இடங்கள் மட்டும், அதுவும் முந்தைய இடத்திலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கில். அலகு 0.1 மி.மீ., ஒரு நகர்வு ஒரு அச்சில் அதிகபட்சம் 12.1 மி.மீ. நூலின் நிறம்கூடக் கோப்பில் இருக்காது, "இங்கே நிறம் மாற்று" என்ற குறிப்பு மட்டும் உண்டு. எந்த நிறம் என்பது இயந்திரத்தில் கோத்திருக்கும் நூல்கண்டைப் பொறுத்தது. 4 மி.மீ. தடிமன் என்று நான் எழுதியதை இங்கே சாட்டின் தையலாக, கோட்டுக்குக் குறுக்கே நெருக்கமாக இப்படியும் அப்படியும் ஓடும் நூலாக மாற்ற வேண்டும். அகலம் கூடிவிட்டால் நூல் தளர்ந்து வளையல் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். 2.5 மி.மீ. போதும் என்று அக்கா சொன்னார், அப்படியே வைத்தேன்.

முதல் கோப்பை அக்கா இயந்திரத்தில் ஏற்றியதும் திரையைப் பார்த்து, "என்ன தம்பி இது, தொண்ணூறு இடத்துல நூல் வெட்டணும்னு காட்டுது?" என்றார். நான் கொடுத்த சிக்குக் கோலம் ஒரே இழைதானே, எங்கிருந்து தொண்ணூறு?

வீட்டுக்கு வந்து தேடினேன். எஸ்விஜி கோப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று எப்போதோ ஒரு சீர்திருத்தம் செய்திருந்தேன். ஒரே மாதிரித் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, முதலில் வில்கள் எல்லாம், பிறகு கோடுகள் எல்லாம் என்று அடுக்கும். திரையில் ஒரு பிக்சல்கூட மாறாது, என் சோதனைகள் அத்தனையும் தேறின. ஆனால் ஊசி ஒரு வில்லை முடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கோட்டுக்குப் போகாமல், கோலத்தின் மறுகோடியில் இருக்கும் அடுத்த வில்லுக்குத் தாவ வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் நூலை வெட்ட வேண்டும்.

அத்தை கோலம் போடும்போது நான் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிக்குக் கோலத்தில் கையை எடுக்கவே மாட்டார். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து சேரும் வரை மாவு விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் தொடர்ச்சிதான் சிக்குக் கோலம். அதை என் நிரல் முதல் நாளிலிருந்து திரையில் மட்டும் காட்டி, உள்ளே சிதறடித்து வைத்திருந்தது. ஒரு பாதை எங்கே தொடங்குகிறது, எந்த வரிசையில் போகிறது, எங்கே மூடுகிறது என்பதெல்லாம் எஸ்விஜிக்கு ஏறக்குறைய அலங்காரம். ஊசிக்கு அதுதான் உயிர்.

கோப்பைச் சுருக்கும் அந்த அடுக்கலை எஸ்விஜி எழுதும் பகுதிக்குள் தள்ளிவிட்டேன், வேண்டுமென்றால் அங்கே மட்டும் நடக்கட்டும். பதிவில் ஒரு பாதை என்றால் தொடக்கமும் வரிசையும் முடிவும் உள்ள ஒரே பாதை. சோதனைகளையும் மாற்றினேன். முன்பு எல்லா வெளியீட்டையும் படமாக்கி பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடுவேன். அது இன்னும் இருக்கிறது, தலைகீழையும் அளவுக் கோளாறையும் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. அதோடு, ஹெச்பிஜிஎல் கோப்பையும் டிஎஸ்டி கோப்பையும் திரும்பப் படித்து, கத்தி எத்தனை முறை தூக்குகிறது, ஊசி எத்தனை முறை தாவுகிறது என்று எண்ணும் சின்ன நிரல்களையும் எழுதினேன்.

எண்ணிய விடை சரியா என்று பார்க்கக் கோலமே ஒரு கணக்கையும் தருகிறது. நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, எல்லா இடைவெளியிலும் கோட்டைக் குறுக்கே பின்னிக்கொண்டே போனால், எத்தனை தனி இழைகள் வரும் என்பது கிடைவரிசை, நெடுவரிசை எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி. 3-க்கு 5 வைத்தால் ஒரே இழை. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 6-க்கு 6 வைத்தால் ஆறு. 1 முதல் 12 வரை எல்லா இணைகளுக்கும் கோலம் வரைந்து, டிஎஸ்டியாக்கி, திரும்பப் படித்து, இழைகளை எண்ணி ஒப்பிடும் சோதனை இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓடுகிறது. நான் எழுதிய சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது.

ஜாக்கெட் கைக்கு 5-க்கு 7 தேர்ந்தெடுத்தோம். துணியை ஃப்ரேமில் இறுக்கி, அடியில் கேன்வாஸ் வைத்து, அக்கா பட்டனை அழுத்தினார். ஊசி முதல் சுழியைச் சுற்றி, இரண்டாவதுக்குப் போய், குறுக்கே கடந்து, ஓரம் வரைக்கும் போய்த் திரும்பியது. அத்தையும் வந்திருந்தார், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஊசி அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று விரலால் காற்றில் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசி வரை நூல் வெட்டும் சத்தம் கேட்கவில்லை. தொடங்கிய இடத்திலேயே ஊசி வந்து நின்றதும் அக்கா கத்தரியை எடுத்து ஒரே ஒரு முனையை நறுக்கினார். இன்னொரு கைக்கு ஃப்ரேம் மாற்றும்போது அத்தை என்னிடம், "15-8 இதுல வருமாடா?" என்று கேட்டார். இடுக்குப்புள்ளிக் கோலத்துக்கு இழைக் கணக்கை இன்னும் எழுதவில்லை. இந்த வாரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.